பெற்றோர் வழக்கும் பிள்ளையின் பாத்தியமும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் உள்ள தூரம் சுமார் 40 கிலோமீட்டர். ரயிலில் ஏறினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நாலு ஸ்டேஷன்களைத் தாண்டுவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. ஆனால் புருஷனும் மனைவியும் மனம் கசந்து பிரிந்து, ஒருவர் அந்த ஊரிலும் மற்றவர் இந்த ஊரிலுமாக இருந்துவிட்டால், இடையில் அகப்பட்ட குழந்தைக்கு அந்த 40 கிலோமீட்டரே கடக்க முடியாத தூரமாகிவிடுகிறது. தகப்பன் முகத்தை மறந்துபோன குழந்தையும், தாய் உயிரோடிருந்தும் தாயற்றுப்போன குழந்தையும் இன்று எந்தத் தாலுகாவிலும் காணக்கூடியவர்களே.

இத்தகைய விவகாரம் எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஊரில் நாலு பேரறிந்தவர்கள், பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள், கட்சித் தொண்டர்கள் ஆகியோரின் வீட்டு வாசலுக்கே அது முதலில் வருகிறது. "குழந்தையைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறார்கள், நல்ல வக்கீல் ஒருவரைச் சொல்லுங்கள்" என்று வந்து நிற்பவருக்கு என்ன விடை சொல்வது? எதிர்க்கட்சியை ஒரு கை பார்த்துவிடக்கூடிய வக்கீல் ஒருவர் பெயரைச் சொல்லி அனுப்புவதே வழக்கமாக இருக்கிறது. அந்த விடையால் குழந்தைக்கு நன்மை விளைவதில்லை என்பதும், பல சமயங்களில் வந்து கேட்டவருக்கும் நன்மை விளைவதில்லை என்பதும் நமது அபிப்பிராயம். ஏன் என்று சொல்லுகிறோம்.

சட்டம் யார் பக்கம்?

குழந்தைமீது தகப்பனுக்கு அதிக உரிமையா, தாய்க்கு அதிக உரிமையா என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. சட்டம் கேட்கும் கேள்வி வேறு. அன்னிய ஆட்சியில் 1890-ல் பிறந்து இன்னும் அமுலில் இருந்து வரும் கார்டியன்கள், வார்டுகள் சட்டம், மைனரின் க்ஷேமத்தைக் கவனித்தே கார்டியனை நியமிக்க வேண்டும் என்கிறது. குழந்தை விவரம் தெரிந்த வயதினதாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கவனிக்கலாம் என்கிறது. சுதந்திர இந்தியாவில் 1956-ல் இயற்றப்பட்ட ஹிந்து மைனர்கள், கார்டியன்கள் சட்டம் இயற்கைக் கார்டியன்களில் தகப்பனை முதலில் வைத்து, அவனுக்குப் பின் தாயை வைத்தது. ஆயினும் 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும், மைனரின் க்ஷேமமே எல்லாவற்றுக்கும் மேலானது என்றும் அதே சட்டம் சொல்லியிருக்கிறது. "பின்" என்ற அச்சொல்லுக்குத் தகப்பன் இறந்த பின் என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. அவன் குழந்தையைக் கவனியாது விட்ட நிலையிலும் தாயே கார்டியனாகலாம் என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட் விளக்கியது.

சென்னை ஹைக்கோர்ட்டிலிருந்து அப்பீலாகப் போன ஒரு வழக்கில், 1973-லேயே சுப்ரீம் கோர்ட் இவ்விஷயத்தை ஐயத்துக்கிடமின்றித் தீர்த்துவிட்டது. குழந்தைகள் பெற்றோரின் சொத்துமல்ல, விளையாட்டுப் பொருளுமல்ல என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2020-ல் வேறொரு வழக்கில் அக்கோர்ட் இன்னும் ஒரு படி மேலே சென்று, குழந்தை ஒருவர் வசம் இருந்தால் மற்றவர் அதைப் போதுமான அளவு சந்திக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும், தூரத்தில் வசிப்பவர் டெலிபோன் மூலமும் முகம் பார்த்துப் பேசும் வீடியோ மூலமும் குழந்தையோடு தொடர்பு வைத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்றும் கூறியது. பெற்றோர் இருவரில் ஒருவரை அடியோடு விலக்கி வைப்பது மிக அபூர்வமான சந்தர்ப்பங்களில் மட்டுமே நியாயமாகும்.

ஆகவே குழந்தையைப் பார்க்க வேண்டுமென்று மனுச் செய்பவர் தம்முடைய பாத்தியத்தை மட்டும் கேட்கவில்லை. குழந்தைக்குத் தாயும் தகப்பனும் வேண்டும் என்ற அதன் பாத்தியத்தை அதன் சார்பில் கேட்கிறார். இதை உணர்ந்த கட்சிக்காரர் ஒருவிதமாக வழக்காடுவார். உணராதவர் வேறு விதமாக வழக்காடுவார். வக்கீலைத் தேடும்பொழுதே இந்த வித்தியாசம் தொடங்கிவிடுகிறது.

நூறு ஆண்டுகளுக்கு முந்திய வழக்கு

இந்த ரயில் பாதையிலேயே திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள செங்கற்பட்டில் 1912-ல் தாக்கலான ஒரு வழக்கை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். அடையாற்றில் வசித்து வந்த நாராயணய்யா என்பவர், தம் புதல்வர்களான கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவருக்கும் ஸ்ரீமதி அன்னி பெஸன்ட் அம்மையைக் கார்டியனாக ஏற்று 1910-ல் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். பிற்பாடு மனம் மாறிப் பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி கேட்டார். அதற்குள் பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். செங்கற்பட்டு ஜில்லா கோர்ட்டில் தொடரப்பட்ட வழக்கு சென்னை ஹைக்கோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. அங்கே பெஸன்ட் அம்மை வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். 1913-ல் தகப்பனாருக்கு அனுகூலமாகத் தீர்ப்பாயிற்று. ஹைக்கோர்ட் அப்பீலிலும் அம்மைக்கு வெற்றி கிட்டவில்லை. ஆனால் 1914-ல் லண்டன் பிரிவி கவுன்ஸில் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. பிள்ளைகள் வசிக்கும் இடம் இங்கிலாந்தாக இருக்கையில் செங்கற்பட்டுக் கோர்ட்டுக்கு அதிகாரம் ஏது என்றும், பிள்ளைகளின் விருப்பத்தை யாரும் கேட்டறியவில்லையே என்றும் அது சுட்டிக்காட்டியது.

பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று உலகம் அறிந்த அந்தப் பிள்ளை, வழக்கு முடிகையில் ஏறக்குறைய மேஜராகும் வயதை எட்டியிருந்தார். பெரியவர்கள் மூன்று கோர்ட்டுகளில் வாதாடிய காலத்தில் அவருடைய பால்யம் கழிந்துவிட்டது. இந்த வழக்கில் தகப்பனார் தரப்பில் நின்ற சி. பி. ராமஸ்வாமி ஐயர், சில வருஷங்களுக்குள் அதே பெஸன்ட் அம்மையோடு ஹோம் ரூல் இயக்கத்தில் தோளோடு தோள் நின்று உழைத்தார். வக்கீல்களுக்கு விரோதம் கோர்ட் வாசலோடு தீர்ந்துவிடுகிறது. கட்சிக்காரர்களுக்குத்தான் அது வீடுவரை தொடர்கிறது.

எந்தக் கோர்ட்டில் வழக்கிடுவது, குழந்தை என்ன விரும்புகிறது, காலம் எவ்வளவு பிடிக்கும் என்ற அந்த மூன்று கேள்விகளும் இன்றும் அப்படியே நிற்கின்றன. வக்கீலிடம் போகிறவர் முதலில் இம்மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தக் கோர்ட்?

கார்டியன் சட்டப்படி செய்யும் மனு, மைனர் சாதாரணமாக வசிக்கும் இடத்தின்மீது அதிகாரம் கொண்ட கோர்ட்டில் செய்யப்பட வேண்டும். தகப்பன் விழுப்புரத்தில் இருக்கிறான் என்பதற்காக, திண்டிவனத்தில் பாட்டி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்வரும் குழந்தை விழுப்புரத்துக் குழந்தையாகிவிடாது. விவாக ரத்து வழக்கோ சேர்ந்து வாழக் கோரும் வழக்கோ ஏற்கெனவே நடந்து கொண்டிருந்தால், 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி அதே வழக்கில் குழந்தையைப் பற்றியும் உத்தரவு பெறலாம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் வருஷத்து விவாக ரத்துச் சட்டத்திலும், பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்களுக்கு 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்திலும் இதற்கொத்த பிரிவுகள் உண்டு. முஸ்லிம்களுக்கும் 1890-ம் வருஷத்துச் சட்டம் திறந்தே இருக்கிறது.

இதை முதலிலேயே ஆராயாமல், தமக்குச் சௌகரியமான ஊரில் வழக்கைப் போட்டுவிட்டு, எதிர்க்கட்சி ஹைக்கோர்ட்டில் மாற்று மனுச் செய்ய, அந்த மனு முடியும்வரை குழந்தை முகத்தைக் காணாமல் காத்திருப்பவர்கள் பலர். வக்கீல் செய்யக்கூடிய முதல் உபகாரம், வழக்கைச் சரியான வாசலில் கொண்டு நிறுத்துவதே.

வக்கீல் வைத்துக்கொள்வதைப் பற்றியே ஒரு விசேஷ விதி இருப்பதையும் பொது ஜனங்கள் அறிந்திருக்கவில்லை. 1984-ம் வருஷத்துக் குடும்பக் கோர்ட்டுகள் சட்டத்தின் 13-வது பிரிவின்படி, குடும்பநலக் கோர்ட்டில் வக்கீல் மூலம் ஆஜராவதைக் கட்சிக்காரர் தம் உரிமையாகக் கோர முடியாது. கோர்ட்டின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். குடும்பச் சண்டையில் சட்ட நுணுக்க வாதம் மிகுந்தால் சமாதானம் தூரப் போய்விடும் என்று சட்டம் இயற்றியவர்கள் கருதியிருக்கிறார்கள். முதலில் இரு தரப்பாரையும் சமாதானப்படுத்த முயலுவதையும் அதே சட்டம் கோர்ட்டின் கடமையாக்கியிருக்கிறது. நடைமுறையில் அனுமதி மனு போட்டு வக்கீல்கள் ஆஜராகித்தான் வருகிறார்கள். ஆனால் விழுப்புரம் குடும்பநலக் கோர்ட்டுக்குப் போகிறவர், தம் வாயாலேயே நீதிபதிக்கும் ஆலோசகருக்கும் பதில் சொல்லத் தயாராகப் போக வேண்டும். திண்டிவனம் சப் கோர்ட்டில் விவாக வழக்கு நடக்குமாயின் அங்கே இந்தத் தடை இல்லை. இரண்டு ஊருக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லாத வக்கீல், கட்சிக்காரருக்கு விஷயத்தை முழுதும் சொன்னவராகார்.

எப்படிப்பட்ட வக்கீல்?

நில வழக்கில் வெற்றி பெற்றவன் வேலி போட்டுக்கொண்டு எதிரியின் முகத்தில் விழிக்காமலே இருந்துவிடலாம். குழந்தை வழக்கில் அது முடியாது. தீர்ப்பு எதுவானாலும் இரு தரப்பாரும் குழந்தைக்கு 18 வயது நிரம்பும்வரை, அதன் பின்னும், ஒருவரையொருவர் சந்தித்தே தீர வேண்டும். மனுவில் மனைவியின் நடத்தையைப் பற்றிப் புருஷனும், புருஷனின் குலத்தைப் பற்றி மனைவியும் எழுதி வைக்கும் வார்த்தைகளை, படித்து வளர்ந்த பின் ஒருநாள் அந்தக் குழந்தையே எடுத்துப் படிக்கக்கூடும். இதை எடுத்துச் சொல்லி, எழுத வந்த வசைமொழியை அடித்துவிடும் வக்கீலே நல்ல வக்கீல். கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுப்பவரும், "பிள்ளையை உங்களிடமே வாங்கித் தருகிறேன்" என்று முதல் நாளே சத்தியம் செய்பவரும் ஆபத்தானவர்கள்.

கட்சிக்காரர் அறிந்திருக்க வேண்டிய விதிகள் சில உண்டு. வழக்கில் ஜெயித்தால் இவ்வளவு என்று பலனைப் பொறுத்துக் கூலி பேசுவது, இந்திய வக்கீல்கள் கவுன்ஸில் விதிகளின்படி கூடாது. விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதும் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு வக்கீல்களைத் தரம் பிரித்துக் காட்டும் கம்பெனிகள் இன்டர்நெட்டில் பெருகியதைக் கண்டு, 2024 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட் அவ்வியாபாரத்தைக் கடுமையாகக் கண்டித்து நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. ஆகையால் நட்சத்திரக் குறிகளை நம்பி வக்கீலைத் தேடவேண்டாம். கோர்ட்டுக்குச் சென்று இரண்டு நாள் அமர்ந்து, யார் நீதிபதிக்குச் சுருக்கமாகவும் மரியாதையாகவும் பதில் சொல்லுகிறார், யார் வாய்தாவை மட்டும் கேட்டு வாங்குகிறார் என்று பார்த்தால் போதும். குடும்பநலக் கோர்ட் விசாரணை மறைவாக நடக்கலாமாதலால், மற்றக் கோர்ட்டு அறைகளில் பார்க்கலாம்.

வக்காலத்தில் கையெழுத்திடும் முன் கூலி எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதை எழுத்தில் பெறுவதும், கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்பதும் அவமரியாதையல்ல. வக்கீலை மாற்ற விரும்பினால் முந்தியவரின் சம்மதமோ கோர்ட்டின் அனுமதியோ வேண்டும். கூலி பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கட்சிக்காரரின் கட்டை வக்கீல் தம்மிடம் நிறுத்திவைத்துக்கொள்ள முடியாது என்று 2000-ம் வருஷத்திலேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது.

கையில் பணமில்லாதவர் கைவிடப்பட்டவரல்லர். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் அதிகாரிகள் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஷெட்யூல்டு ஜாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீல் உதவி உண்டு. மற்றவர்களில் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கும் உண்டு. விழுப்புரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும், திண்டிவனத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவிடமும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கேட்கலாம். 15100 என்ற டெலிபோன் எண்ணில் விவரம் அறியலாம். தாலி தவிர வேறு நகையில்லாத ஒரு தாய் அதையும் அடகு வைத்து வக்கீல் கூலி கொடுக்கும் ஊரில், இந்தச் சட்டத்தை அறிந்தும் சொல்லாமலிருக்கும் தொண்டர் தம் கடமையில் தவறியவரே ஆவார்.

என்ன கேட்பது?

"குழந்தையைப் பார்க்க அனுமதி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டு, பொதுவாக உத்தரவு பெற்று வருவதால்தான் பாதிக் கலகம் விளைகிறது. எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்த இடம், குழந்தையை யார் அழைத்து வருவது, யார் திருப்பிக் கொண்டுபோய் விடுவது, ரயில் கட்டணம் யாருடையது என்று உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறிப்போனால் அதற்குப் பதிலாக எந்த நாள் என்பதும் இருக்க வேண்டும். பொங்கல் ஒருவரிடம், தீபாவளி மற்றவரிடம் என்று வருஷாவருஷம் மாற்றிக்கொள்ளலாம். அரைப் பரீட்சை விடுமுறையும் கோடை விடுமுறையும் எவ்வாறு பங்காகும்? மயிலம் பங்குனி உத்திரத்துக்குத் தகப்பன் தோளில் ஏறிப் போன குழந்தை, இந்த வருஷமும் அவ்வாறு போகலாமா? பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் வரலாமா? டெலிபோனில் பேசும் நேரம் எது? வீடு மாறினால் எத்தனை நாள் முன் தெரிவிப்பது? இவற்றையெல்லாம் பட்டியல் போட்டுக் கொண்டுபோகும் கட்சிக்காரருக்குப் பாதி வழக்கு வக்கீல் வீட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. 2015-ல் சட்டக் கமிஷன் தனது 257-வது அறிக்கையில், பெற்றோர் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறையையும் இத்தகைய வளர்ப்புத் திட்டங்களையும் சிபார்சு செய்திருக்கிறது. சட்டம் திருந்தும்வரை காத்திராமல், கட்சிக்காரர்களே சம்மதித்து இத்திட்டத்தை எழுதிக் கோர்ட்டில் பதிவு செய்துகொள்ளத் தடையில்லை.

காலத்தைப் பற்றியும் கவலை வேண்டும். வழக்கு முழுதும் முடிந்த பிறகு குழந்தையைப் பார்க்கலாம் என்றிருப்பது பெரும் பிசகு. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு வருஷம் என்பது அதன் ஆயுளில் பாதி. பிரதான மனுவோடு கூடவே இடைக்கால மனுவையும் போட்டு, வழக்கு நடக்கும்போதே சந்திக்கும் நாளைப் பெற வேண்டும். கார்டியன் சட்டத்தின் 12-வது பிரிவும் ஹிந்து விவாகச் சட்டத்தின் 26-வது பிரிவும் இதற்கு இடம் தருகின்றன. இடைக்கால மனுவைப் பற்றி முதல் நாளே பேசாத வக்கீலிடம் கட்சிக்காரரே பேச வேண்டும்.

எல்லோருக்கும் எல்லாச் சமயத்திலும் இந்தச் சந்திப்பு உகந்ததென்றும் நாம் சொல்லவில்லை. குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனிடமோ, குழந்தைக்குத் தீங்கு செய்தவரிடமோ, குழந்தையைத் தனியே அனுப்பும்படி யாரும் தாயைக் கட்டாயப்படுத்த முடியாது. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு, குழந்தையைத் தற்காலிகமாகத் தாய் வசம் ஒப்புவிக்கவும், தீங்கு நேருமென்று கண்டால் மற்றவர் சந்திப்பதையே மறுக்கவும் மாஜிஸ்டிரேட்டுக்கு அதிகாரம் அளிக்கிறது. நிலைமை அவ்வளவு மோசமில்லாவிட்டால், பிறர் முன்னிலையில் சந்திக்கும்படி கேட்கலாம். ஆனால் புருஷன்மீதுள்ள கோபத்தையே குழந்தைக்கு நேரும் ஆபத்தாகச் சொல்லி மனுச் செய்வது, உண்மையாகவே ஆபத்திலிருக்கும் பெண்களின் வழக்கையும் பலவீனப்படுத்துவதாகும்.

பணமும் பிள்ளையும்

"பிள்ளையைக் காட்டினால்தான் ஜீவனாம்சம்" என்கிறான் தகப்பன். "ஜீவனாம்சம் கொடுத்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன்" என்கிறாள் தாய். இரண்டும் வெவ்வேறு உத்தரவுகள். ஒன்றுக்கு மற்றது விலையல்ல. தகப்பன் கொடுக்கும் பணம் குழந்தையின் பாலுக்கும் பாடப் புத்தகத்துக்கும் உரியது. அதை நிறுத்துகிறவன் மனைவியைத் தண்டிப்பதாக எண்ணிக் குழந்தையைப் பட்டினி போடுகிறான். கோர்ட் குறித்த நாளில் குழந்தையை ஒளித்து வைப்பவளும் புருஷனைத் தண்டிப்பதாக எண்ணிக் குழந்தையையே தண்டிக்கிறாள். உத்தரவை மீறுகிறவர்மீது நிறைவேற்று மனுவும், அதற்கு மேல் கோர்ட் அவமதிப்பு நடவடிக்கையும் உண்டு. பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அதற்கு மாற்றல்ல. அப்படிச் செய்தவரைக் கோர்ட் எந்தக் கண்ணோடு பார்க்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

பஞ்சாயத்தும் தொண்டரும்

1920-ல் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு வக்கீல்கள் தொழிலைத் துறந்ததும், அன்னிய கோர்ட்டுகளைப் பகிஷ்கரித்து நம்மவர்களே பஞ்சாயத்து நடத்தியதும் நமது தேச சரித்திரத்தின் பெருமைகளுள் சேர்ந்தவை. அந்த நினைவால், வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுபோகாமல் நாலு பெரியவர்களே தீர்த்து வைக்கலாமே என்று சிலர் கருதுகிறார்கள். சமாதானம் செய்து வைப்பது நல்லதே. ஆனால் ஜாதிக் கௌரவத்தை முன்னிட்டு அபராதம் போட்டு, பிள்ளையை இந்த வீட்டில் விடு, பெண்ணை அந்த வீட்டில் விடு என்று உத்தரவிடும் கட்டப் பஞ்சாயத்து வேறு. நமது மாகாணத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2011-ல் சுப்ரீம் கோர்ட் அதை முற்றிலும் சட்ட விரோதமென்று கூறியிருக்கிறது. கட்டப் பஞ்சாயத்தில் இரண்டு குடும்பங்களும் பேசுகின்றன. குழந்தைக்காகப் பேசுகிறவர் ஒருவருமில்லை. சமாதானம் தேடுகிறவர்களுக்குச் சட்டப்படியான சமரச மையங்கள் இருக்கின்றன. இந்தியாவிலேயே கோர்ட்டோடு இணைந்த முதல் சமரச மையம் 2005-ல் சென்னை ஹைக்கோர்ட்டில்தான் தோன்றியது. அங்கே எட்டும் உடன்பாட்டைக் கோர்ட் உத்தரவாக்கிக்கொள்ளலாம். கட்டப் பஞ்சாயத்தின் சீட்டைக் கிழித்தெறிவதுபோல் அதைக் கிழித்தெறிய முடியாது.

ஒன்று மட்டும் எந்தக் கோர்ட்டாலும் கொடுக்க முடியாதது. 2022-ல் சென்னை ஹைக்கோர்ட்டின் ஒரு நீதிபதி, குழந்தையைப் பார்க்க வருபவரை அதிதியாகப் பாவித்துச் சிற்றுண்டி கொடுத்து உபசரிக்க வேண்டுமென்று உத்தரவில் கூறினார். அப்பீலை விசாரித்த இரு நீதிபதிகள் அது கோர்ட் சொல்ல வேண்டிய விஷயமல்லவென்று அப்பகுதியை நீக்கிவிட்டார்கள். இரண்டாவது தீர்ப்பே சட்டப்படி சரியானது. பிரிந்து போன மனைவியைக் காபி போட்டு வை என்று எந்தக் கோர்ட் கட்டளையிட முடியும்? ஆனால் குழந்தையின் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் இழிவாகப் பேசாமலிருக்க வேண்டும் என்பதைக் கோர்ட்டுக்கு வெளியே இருக்கும் நாம் சொல்லலாம்; சொல்ல வேண்டும். தாத்தா பாட்டிகளுக்கும் மாமன் சித்தப்பன்மார்களுக்கும் அதைச் சொல்வது இன்னும் அவசியம். பெற்றோரின் கோபம் தணிந்த பின்னும் அதை அணையாமல் விசிறிக் கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

சர்க்காருக்கும் ஒரு வேலை இருக்கிறது. போலீஸ்காரரும் கைதிகளும் நடமாடும் கோர்ட் வராந்தாவில் வைத்துத் தகப்பனைக் காட்டினால் குழந்தைக்குத் தகப்பன் குற்றவாளியாகவே தோன்றுவான். ஒவ்வொரு தாலுகா நகரிலும், திண்டிவனம் உட்பட, குழந்தைகள் ஓடி விளையாட ஓர் அறையும், பொறுப்புள்ள ஒரு பெண் ஊழியரும், ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கும் ஓர் ஏற்பாடும் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, ஒரு பள்ளிக்கூடமோ நூல்நிலையமோ வாரத்தில் அரை நாள் இடம் கொடுத்தால் போதும். சட்டசபையில் நம் பிரதிநிதிகளாக வீற்றிருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்கித் தரலாம். அதுவரை, இடம் தரக்கூடிய ஊர்ச் சங்கங்கள் இடம் தரலாம்.

"நல்ல வக்கீல் ஒருவரைச் சொல்லுங்கள்" என்று இனி ஒருவர் நம் தொண்டர்களிடம் வந்தால், குழந்தைக்கு என்ன வயது, எந்தப் பள்ளிக்கூடம், எப்பொழுது கடைசியாகப் பார்த்தீர் என்று முதலில் அவரைக் கேட்கட்டும். அதற்குப் பதில் சொல்லுகையில் அவர் மனம் மனைவியை விட்டுக் குழந்தையிடம் திரும்பும். அதன் பிறகு அவரைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ, நிதானமுள்ள ஒரு வக்கீலிடமோ அனுப்பட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமையே அந்தக் குழந்தை தன் தகப்பனையோ தாயையோ பார்க்க வழி செய்து தருகிறவரே இவ்விஷயத்தில் பெரிய வக்கீல்.